ஹங்கேரியில எந்தப் பத்திரிகையாளரையும் ஜெயில்ல போடலையே, அப்புறம் ஏன் அங்க பத்திரிகை சுதந்திரம் இல்லன்னு சொல்றாங்க? இண்டெக்ஸ்ங்கற செய்தித் தளத்துக்கு என்னதான் ஆச்சு?

நீங்க கேட்ட விதத்த பாத்தா, ஸ்காலர்ஷிப் கெடச்சு புடாபெஸ்ட்டுக்கோ டெப்ரெட்செனுக்கோ கிளம்பப்போற மாணவர்னு நினைக்கறேன். ஏற்கனவே அங்க போன சீனியர் யாராவது "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மேற்கத்திய மீடியாதான் ஊதிப் பெருசாக்குது"ன்னு சொல்லியிருப்பாங்க. அவங்க பொய் சொல்லல. ஊரு அழகு, டிராம் நேரத்துக்கு வரும், ராத்திரி தனியா நடந்து போகலாம், ரொம்ப வருஷம் பிரதமரா இருந்த ஓர்பான திட்டி பப்புல சத்தமா பேசினாலும் யாரும் வந்து கேக்க மாட்டாங்க. செய்தி எழுதினதுக்காக ஆளுங்கள வரிசையா உள்ள தள்ளினதும் இல்ல. ஆனா அத வச்சு "அப்ப பிரச்சனையே இல்ல"ன்னு ஒருத்தர் சொல்றப்ப எனக்கு வர்ற கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல, ஏன்னா அது எப்படி நடந்துச்சுன்னு நான் பக்கத்துல இருந்து பாத்தவன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் பத்திரிகையாளர் கெடையாது, எந்தக் கட்சிக்காரனும் கெடையாது, எந்த வெளிநாட்டு நிறுவனமும் எனக்கு காசு குடுக்கல. "இந்தியாவப் பத்தி எழுத தைரியம் இருக்கா"ன்னு கமெண்ட் வரும்னு தெரியும். கேள்வி ஹங்கேரியப் பத்தி, எனக்குத் தெரிஞ்சது ஹங்கேரி, அதனால அத எழுதறேன்.

புடாபெஸ்ட்ல சில வருஷம் ஒரு மீடியா ஏஜென்சியில வேலை பாத்தேன். விளம்பரம் போடற பக்கம். ஒரு கம்பெனி வந்து இவ்வளவு பட்ஜெட் இருக்கு, இந்த மாசம் இந்தப் பொருள விக்கணும்னு சொல்லும், நாங்க எந்த சைட்ல எந்த பேனர் எத்தன லட்சம் தடவ காட்டணும்னு பிளான் போடுவோம். எல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்தான். ஒரு வரிசைக்கு ஒரு சைட்டு, பக்கத்துல ரேட்டு, எத்தன பேர் பாப்பாங்க, மொத்த தொகை. அரசாங்கத்த கேள்வி கேக்கற ஒரு சைட்டு, நல்ல வாசகர் கூட்டம், படிச்ச நகரத்து ஆளுங்க, நான் கணக்குப் போட்டா எப்பவும் அது மேல வந்து நிக்கும். பிளான கிளையண்ட்டுக்கு அனுப்புவோம். மத்ததுக்கெல்லாம் மெயில்ல பதில் வரும். இந்த ஒண்ணுக்கு மட்டும் போன் வரும். என் மேனேஜர் எழுந்து காரிடார் பக்கம் போய் பேசிட்டு வருவாங்க, வந்து உக்காந்து அந்த ஒரு வரிசைய அழிச்சுட்டு அந்தத் தொகைய மத்த சைட்டுக்குப் பிரிச்சுப் போடச் சொல்லுவாங்க. ஏன்னு கேட்டா "கிளையண்ட் விருப்பம்". அந்த கம்பெனி அரசாங்க கம்பெனி கூட இல்ல, ஆனா அவங்களுக்கு லைசன்ஸ் வேணும், டெண்டர் வேணும், வரி ஆபீஸ்ல இருந்து யாரும் வந்து நிக்கக்கூடாது. யாரும் அவங்கள மிரட்டியிருக்கக்கூட மாட்டாங்க, தேவையே இல்ல. எழுத்துல எதுவும் இருக்காது. நாளைக்கு ஒருத்தர் கேஸ் போட்டா நிரூபிக்கறதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கெடையாது. ஷீட்ல ஒரு வரிசை காணாமப் போயிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் ஓர்பான் அரசாங்கமே நாட்டுல பெரிய விளம்பரதாரரா இருந்துச்சு. 2014ல தேசிய தகவல் தொடர்பு அலுவலகம்னு ஒண்ண ஆரம்பிச்சு அரசாங்க விளம்பரச் செலவையெல்லாம் அதுக்குள்ள கொண்டு வந்தாங்க, அந்தப் பணம் அரசாங்க ஆதரவு மீடியாவுக்கு ஆறா ஓடுச்சு, விமர்சிச்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு சொட்டுகூட வரல.

இப்ப இண்டெக்ஸுக்கு வரேன், ஆனா அதுக்கு முன்னாடி நடந்தது தெரியாம அது புரியாது. இண்டெக்ஸ் 1999ல இருந்து இருக்கற சைட்டு, நாட்டுலயே அதிகம் பேர் படிக்கற செய்தித் தளம்னு பேரு. அதுக்கு நேர் போட்டி ஓரிகோ. ஓரிகோவோட சொந்தக்காரர் அப்ப மாஜார் டெலிகாம், அதுக்கு மேல ஜெர்மனியோட டாய்ச்ச டெலிகாம். 2014ல யானோஷ் லாஸார்னு ஓர்பானுக்கு ரொம்ப நெருக்கமான அரசியல்வாதி, அவரோட வெளிநாட்டுப் பயண ஹோட்டல் பில் சுமார் 20 லட்சம் ஃபோரிண்ட்னு அந்த்ராஷ் பெத்தோங்கற நிருபர் தோண்டி எடுத்தார். கொஞ்ச நாள்ல ஆசிரியர் வெளிய போனார், பெத்தோவும் கிளம்பி டிரெக்ட்36னு புலனாய்வு சைட்டு ஆரம்பிச்சார். ஓரிகோவ அப்புறம் வித்தாங்க, கை மாறி அப்ப மத்திய வங்கி கவர்னரா இருந்தவரோட மகன் கைக்கு வந்துச்சு. இன்னைக்கு அந்த சைட்ட தொறந்து பாத்தா ஒரு காலத்துல இது மரியாதையான செய்தித் தளம்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

2016 அக்டோபர் 8, சனிக்கிழமை, நேப்ஸபட்சாக்னு 1956ல இருந்து வந்துகிட்டிருந்த தினசரி. புது ஆபீசுக்கு மாறப்போறோம்னு ஊழியர்கள் சாமானெல்லாம் பெட்டியில கட்டி வச்சிருந்தாங்க. காலையில கூரியர்ல லெட்டர் வந்துச்சு, பேப்பர நிறுத்தியாச்சுன்னு. நஷ்டம்னு காரணம் சொன்னாங்க. நஷ்டம் இருந்துச்சு, நான் இல்லங்கல. ஆனா அந்த வாரம்தான் மந்திரி ரோகான் ஹெலிகாப்டர்ல கல்யாணத்துக்குப் போனத அவங்க போட்டிருந்தாங்க, அந்த மாசம் முடியறதுக்குள்ள அந்த வெளியீட்டு நிறுவனத்தையே லோரிண்ட்ஸ் மேஸாரோஷோட தொடர்புள்ள கம்பெனி வாங்கிடுச்சு. மேஸாரோஷ் யாருன்னா ஓர்பானோட சொந்த ஊர்க்காரர், கேஸ் பைப் மாட்டற தொழில் பண்ணிகிட்டிருந்து நாட்டுலயே பெரிய பணக்காரர் ஆனவர். அப்புறம் 2018 நவம்பர்ல ஒரே நாள்ல அரசாங்க ஆதரவு முதலாளிங்க பலர் அவங்கவங்க பேப்பர், ரேடியோ, சைட்டு, டிவின்னு 470க்கு மேல இலவசமா கெஸ்மாங்கற ஒரே அறக்கட்டளைக்கு தூக்கிக் குடுத்தாங்க. கோடிக்கணக்கான சொத்த எந்த வியாபாரி சும்மா குடுப்பான்? போட்டி ஆணையம் விசாரிக்கக்கூடாதுன்னு டிசம்பர்ல ஓர்பானே "தேசிய முக்கியத்துவம்"னு ஒரு ஆணையில கையெழுத்துப் போட்டார்.

"ஆனா ஆர்டிஎல் இருக்கு, எச்விஜி இருக்கு, 444 இருக்கு, எல்லாம் திட்டிகிட்டுதான இருக்காங்க"ன்னு கேப்பாங்க. இருக்கு. ஆர்டிஎல் டிவிய விட்டா மத்ததெல்லாம் பெரும்பாலும் தேடிப் போய் படிக்கற ஆளுக்குத்தான். கெஸ்மா வந்தப்ப மாவட்ட தினசரிகள் அத்தனையும் அதுக்குள்ள போயிடுச்சு. ஒரு தடவ, என்னோட வேலை பாத்த நண்பரோட பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன், கிழக்குப் பக்கம் சின்ன கிராமம். காலையில மாவட்ட பேப்பர் வரும், ரேடியோ அரசாங்கத்தோடது, டிவில அரசு சேனல். பாட்டி தங்கமானவங்க, சூப்பு, கேக்கு, பாலிங்காங்கற பழச் சாராயம்னு கொண்டு வந்து வச்சுகிட்டே இருந்தாங்க. ஆனா நான் கைகழுவப் போன நேரத்துல பேரன்கிட்ட தாழ்ந்த குரல்ல இந்தப் பையன் மைகிரன்ட் இல்லையேன்னு கேட்டிருக்காங்க. அந்த ஊர்ல அவங்க வாழ்நாள்ல ஒரு அகதியக்கூட பாத்ததில்ல. வருஷக்கணக்கா தினமும் காதுல விழுந்தது அப்படி. 2017ல எச்சேன்ங்கற கிராமத்துல ஒரு கெஸ்ட்ஹவுஸ்காரர் அகதிக் குழந்தைங்கள சில நாள் தங்க வைக்கறேன்னு சொன்னதுக்கு ஊர் ஜனம் கூடி சண்டை போட்டு அவர் கார் டயர கிழிச்சாங்க, ஊர்க்காரங்க செஞ்சதுல தப்பில்லங்கற மாதிரிதான் பிரதமர் பேசினார். மீடியா யார் கையில இருந்தா என்னன்னு கேக்கறவங்களுக்கு நான் இந்தப் பாட்டியத்தான் சொல்லுவேன். பழுப்புத் தோலோட அந்த ஊர் பஸ்ல ஏறினவனுக்கு அது தெரியும்.

சரி, இண்டெக்ஸ். இவங்களுக்கு அடுத்தது நம்மதான்னு தெரிஞ்சே இருந்துச்சு. 2018ல ஒரு மீட்டர் மாதிரி தனிப் பக்கம் வச்சாங்க, மூணு நிலை: சுதந்திரமா இருக்கோம், ஆபத்துல இருக்கோம், சுதந்திரம் போச்சு. எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் அத புக்மார்க் பண்ணி வச்சிருந்தாங்க. இங்க கவனிக்க வேண்டியது சொந்தக்காரர் கணக்கு. இண்டெக்ஸ் அப்ப ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தம், ஆனா அதோட விளம்பரத்த வித்தது இண்டாமீடியாங்கற வேற கம்பெனி. சைட்டுக்கு வர்ற வருமானம் அந்த வழியாத்தான் வரணும். 2020 மார்ச்ல, கொரோனாவுல விளம்பரச் சந்தையே படுத்துக் கெடந்தப்ப, அந்த இண்டாமீடியால 50 சதவீதத்த மிக்லோஷ் வசிலி வாங்கினார். இவர் 2014ல ஓரிகோ தலைவரா இருந்தவர், அப்புறம் அரசு டிவி, ரேடியோ நிர்வாகத்துக்குப் போனவர், அப்புறம் டிவி2ங்கற ஆதரவு சேனலுக்கும் போனவர். செய்தி வந்த அன்னைக்கே எங்க டீம்ல ஒருத்தர் "முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டு ஹெட்போன மாட்டிகிட்டார். விளம்பரத்துறையில இருந்த எங்களுக்கு அத யாரும் விளக்க வேண்டியிருக்கல. கடைய வாங்கத் தேவையில்ல, கல்லாப்பெட்டி சாவி இருந்தா போதும்.

ஜூன்ல செலவக் கொறைக்கறோம்ங்கற பேர்ல ஆசிரியர் குழுவ துண்டு துண்டா வெளிக் கம்பெனிகளாப் பிரிக்கற மாதிரி ஒரு திட்டம் வந்துச்சு. ஆசிரியர் சபோல்ச் டுல் அத வாசகர்கள்கிட்டயே வெளிப்படையா சொல்லி மீட்டர "ஆபத்து"க்கு நகத்தினார். ஜூலை 22 அவர வேலைய விட்டு எடுத்தாங்க. அறக்கட்டளைத் தலைவர் லாஸ்லோ போதொலாய் சொன்னது என்னன்னா, டுல்லால உள்ள இருக்கற டென்ஷன கட்டுப்படுத்த முடியல, அதனால வருமானம் அடி வாங்குது, சுதந்திரத்துக்கெல்லாம் ஒரு ஆபத்தும் இல்லன்னு. ஊழியர்கள் அவர திரும்ப எடுங்கன்னு கேட்டாங்க, முடியாதுன்னுட்டார். 24ஆம் தேதி 70 பேருக்கு மேல ஒண்ணா ராஜினாமா. அவங்க அறிக்கையில சொன்னது ரெண்டே நிபந்தனை: வெளியாள் எங்க செய்தியில கை வைக்கக்கூடாது, வெளியாள் எங்க டீம்ல கை வைக்கக்கூடாது. ரெண்டாவது போச்சு, அதனால போறோம். அரசாங்கம் எங்களுக்கு இதுல சம்பந்தமே இல்லன்னு மறுத்துச்சு. அன்னைக்கு சாயங்காலம் ஆயிரக்கணக்கான பேர் மாஸ்க்கோட கோட்டை மேல இருக்கற பிரதமர் அலுவலகத்துக்கு நடந்தாங்க, நானும் ஓரமா நடந்தேன், வெளிநாட்டுக்காரன் கோஷம் போடறது சரியில்லன்னு வாய மூடிகிட்டுதான் நடந்தேன்.

அந்த ராஜினாமா பண்ணவங்கள்ல ஒருத்தர் என் கூட வேலை பாத்தவரோட மனைவி. பேரும் என்ன வேலைங்கறதும் சொல்லல. மறுநாள் அவங்க வீட்டுக்குப் போனேன். ஜூலை மாசம், வீட்டுக்கு வீடு குடமொளகாயும் தக்காளியும் போட்டு லேச்சோ வைக்கற சீசன், அடுப்புல அது கொதிச்சுகிட்டிருக்கு, சின்னப் பையன் டேப்லெட் பாத்துகிட்டிருக்கான், அந்தம்மா சாப்பாட்டு மேசையில உக்காந்து ஒரு பேப்பர்ல வேற எங்க வேலைக்குப் போலாம்னு எழுதறாங்க. ஓரிகோ, எழுதினாங்க, அடிச்சாங்க. மாவட்ட பேப்பர், அடிச்சாங்க. அரசு டிவி, அரசு ரேடியோ, டிவி2, எல்லாம் அடிச்சாச்சு. மிச்சம் இருந்தது மூணு நாலு எடம், அங்கயும் ஏற்கனவே ஓரிகோவுல இருந்தும் நேப்ஸபட்சாக்ல இருந்தும் போனவங்க நிறைஞ்சு கெடக்காங்க, அதுலயும் இப்ப எழுபது பேர் ஒரே நாள்ல தெருவுக்கு வந்திருக்காங்க. பின்னாடி பக்கம் வீட்டுக்கடன் தவணை, பையன் கிண்டர்கார்டன் செலவு. ஹங்கேரிய மொழியில எழுதறவங்களுக்கு பக்கத்து நாட்டுக்குப் போய் எழுதலாம்ங்கற வசதியும் பெருசா இல்ல. ருமேனியாவுல டிரான்சில்வேனியா ஹங்கேரியர்களுக்கான மீடியாவுக்கும் புடாபெஸ்ட் அரசாங்கப் பணம் போயிட்டிருந்துச்சு. 2022ல கிளுஜ்ல இருந்த டிரான்ஸிண்டெக்ஸ் சைட்டோட ஆளுங்களும் இதே மாதிரி கூட்டமா வெளிய வந்து டிரான்ஸ்டெலெக்ஸ் ஆரம்பிச்சாங்க. ஜெயில்ல போடலையேன்னு கேக்கறீங்கல்ல, அந்தப் பேப்பர நீங்க பாத்திருக்கணும். தன் தொழில விட்டா வேற எதுவும் தெரியாத ஒரு ஆளு, நாட்டுல இருக்கற கதவு எல்லாத்தையும் தன் கையாலயே ஒண்ணொண்ணா கோடு போட்டு அடிக்கறாங்க. அதுக்கு ஒரு போலீஸ்காரர் தேவைப்படல.

போலீஸே இல்லன்னும் சொல்ல மாட்டேன். டிரெக்ட்36ல வேலை பாக்கற ரெண்டு நிருபர்களோட போன்ல பெகாசஸ்ங்கற உளவு மென்பொருள் இருந்தது 2021ல வெளிய வந்துச்சு. அதே வருஷம் கொரோனா மூணாவது அலையில சாவு உச்சத்துல இருந்தப்ப, ஆஸ்பத்திரிக்குள்ள எங்கள விடுங்க, டாக்டர்கள பேச விடுங்கன்னு 28 மீடியா சேந்து பகிரங்கக் கடிதம் எழுதினாங்க. செய்தியாளர்கள் ஜனங்கள பயமுறுத்தறாங்கங்கற பழிதான் அவங்களுக்குக் கெடச்சுது.

ராஜினாமா பண்ணவங்கள்ல பெரும்பாலானவங்க சேந்து 2020 அக்டோபர் 2 டெலெக்ஸ் ஆரம்பிச்சாங்க, துணை ஆசிரியரா இருந்த வெரோனிகா முங்க் முதல் ஆசிரியர். வாசகர்கள் குடுத்த பணம்தான் மூலதனம். சைட்டு வர்றதுக்கு முன்னாடியே, ஒரு செய்தி கூட போடாதப்பவே ஜனங்க காசு அனுப்பினாங்க, எங்க ஆபீஸ்ல கிச்சன்ல நின்னு போன்லயே அனுப்பினாங்க. என் கூட வேலை பாத்தவரோட மனைவியும் அங்கதான் போனாங்க. இண்டெக்ஸ் புது ஆளுங்கள வச்சு ஓடுது, அந்த வருஷம் முடியறதுக்குள்ள அதையும் இண்டாமீடியாவே வாங்கிடுச்சு. பேரு அதே பேரு, லோகோ அதே லோகோ. அங்க இப்ப வேலை பாக்கறவங்க எல்லாரும் கெட்டவங்கன்னு நான் சொல்ல வரல, அவங்களுக்கும் வீட்டுக்கடன் இருக்கு.

நானும் அப்ப இருந்து டெலெக்ஸுக்கு மாசா மாசம் சின்னத் தொகை குடுக்கறேன், ஊருக்குத் திரும்பினப்பறமும் நிறுத்தல. இதுல இன்னொரு வயித்தெரிச்சல். 2021 அக்டோபர்ல இங்க இந்தியாவுல கார்டு ஆட்டோ டெபிட் விதி மாறுச்சு, அதுக்கப்புறம் என் பேங்க் அந்த பேமெண்ட்ட விடவே மாட்டேங்குது. ஒவ்வொரு மாசமும் டிக்ளைன், கஸ்டமர் கேர்ல கூப்பிட்டா மெர்ச்சன்ட் பக்கம் தப்புங்கறாங்க, மெயில் போட்டா ஏழு நாள்ல பதில் வரும்னு ஆட்டோ ரிப்ளை, பிராஞ்சுக்குப் போனா அந்தப் பொண்ணு "சார் எஃப்டி போடறீங்களா"ன்னு கேக்குது. பாதுகாப்புக்குன்னு விதி கொண்டு வந்ததுல தப்பில்ல, ஆனா நான் சம்மதம் குடுத்த என் காச நான் நினைச்ச எடத்துக்கு அனுப்ப ஏன் இவ்வளவு கெஞ்சணும்? இப்ப கைல ஓடிபி போட்டு மாசா மாசம் அனுப்பறேன், மறந்துட்டா போச்சு.

இத ஏன் சொல்றேன்னா, 2025 மே மாசம் ஓர்பானோட ஃபிடெஸ் கட்சி எம்பி ஒருத்தர் பாராளுமன்றத்துல ஒரு மசோதா கொண்டு வந்தார், "பொது வாழ்வின் வெளிப்படைத்தன்மை"ன்னு பேரு. அதுபடி அரசாங்கம் ஒரு பட்டியல் போடும், அதுல வர்ற அமைப்போ மீடியாவோ வெளிநாட்டுப் பணம் வாங்கணும்னா அனுமதி வேணும். எவ்வளவு சின்னத் தொகையா இருந்தாலும் சரி. மீறி வாங்கினா அந்தத் தொகையப் போல 25 மடங்கு அபராதம். உள்ளூர் வாசகர் குடுத்தாலும் இது வெளிநாட்டுப் பணம் இல்லன்னு எழுதிக் குடுக்கணும். ஜனங்க தங்களோட வருமான வரியில 1 சதவீதத்த விருப்பப்பட்ட அமைப்புக்குக் குடுக்கற வழியும் அடைபடும். அதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடி மார்ச் 15 பேச்சுல ஓர்பான் பத்திரிகையாளர்களையும் சேத்து பூச்சிங்க மாதிரி பேசி, வசந்த கால சுத்தம் பண்ணப்போறோம்னார். நான் கோயமுத்தூர்ல உக்காந்து ஓடிபி போட்டு அனுப்பற காசு, அந்த நாட்டோட இறையாண்மைக்கு ஆபத்து. டெலெக்ஸுக்குப் போன அந்தம்மா எனக்கு மெசேஜ் போட்டாங்க, இது சட்டமானா நீ அனுப்பறத நிறுத்திடு, எங்களுக்கு அபராதம் வந்துடும்னு. மசோதாவ எதிர்த்து பெரிய கூட்டமெல்லாம் கூடுச்சு, ஓட்டெடுப்பு தள்ளிப் போச்சு. நான் அனுப்பறத நிறுத்தல.

நீங்க படிக்கத்தான் போறீங்கன்னா டெலெக்ஸுக்கும் டிரெக்ட்36க்கும் ஆங்கிலப் பக்கம் இருக்கு, அங்க ஆரம்பிங்க. மொழி கொஞ்சம் பிடிபட்டதும் ஒரே நாள் செய்திய டெலெக்ஸ்லயும் ஓரிகோலயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, எந்த விளம்பரம் எதுல வருது, எதுல வரலன்னும் பாருங்க. ஏஜென்சி பக்கம் எப்படி ஓடுதுன்னு சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். கிளையண்ட் பேரு மட்டும் கேக்காதீங்க, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்.